ஏவுதளமும் தொழில் வட்டாரமும்: குலசேகரப்பட்டினக் கரையைத் திருப்பூரிலிருந்து நோக்கல்

திருப்பூரில் பின்னி, சாயமேற்றி, தைத்து, அட்டைப் பெட்டிகளில் அடைக்கப்படும் ஆடைகளில் பெரும்பகுதி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகவே சமுத்திரம் கடக்கிறது. அத்துறைமுகத்துக்குத் தெற்கே, திருச்செந்தூரையும் தாண்டிய கடற்கரையில், குலசேகரப்பட்டினம் என்னும் பழைய துறைமுகப்பட்டினத்தை அடுத்து, இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளம் எழுந்துகொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் பிரதமர் அதற்கு அடிக்கல் நாட்டியது முதலாக, தென் மாவட்டங்களின் பொருளாதார நிலையே அத்தளத்தால் மாறிவிடும் என்றும், ராக்கெட் கிளம்புவதைக் காண வரும் ஜனத்திரளால் அக்கரையில் சுற்றுலா செழிக்கும் என்றும் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லப்பட்டு வருகிறது. அந்த நம்பிக்கையைக் குலைப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அது எந்த நிபந்தனைகளின்மீது நிற்கிறது, அந்நிபந்தனைகள் இன்று எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கின்றன என்பதை, ஒரு தொழிலால் ஒரு பிரதேசம் முழுவதும் எழுந்த திருப்பூரின் அனுபவத்தை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வதே நோக்கம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏவுதளம் தன்னளவில் எந்தப் பிரதேசத்தையும் வளப்படுத்துவதில்லை, ஏவுதலுக்கு முன்னும் பின்னும் தேவைப்படும் எண்ணற்ற சிறு வேலைகள் அப்பிரதேசத்துச் சிறு தொழிலதிபர்களின் கைக்கு வந்தால்தான், அதுவும் கடலை நம்பி ஜீவிப்பவர்களின் நஷ்டம் முன்கூட்டியே கணக்கில் எடுக்கப்பட்டால்தான், அங்கே வளம் என்று ஒன்று உண்டாகும்.

குலசேகரப்பட்டினம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் பூகோளம். இப்போதுள்ள ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் ராக்கெட் நேராகத் தெற்கே சென்றால் இலங்கையின் மேல் பறக்க நேரும். ஆகையால் முதலில் தென்கிழக்காகக் கிளம்பி, நடுவழியில் வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருள் பெரிய ராக்கெட்டுக்கு ஒரு குறைவு மட்டுமே. சிறிய ராக்கெட்டுக்கோ அது சுமையின் பெரும்பங்கையே விழுங்கிவிடும். குலசேகரப்பட்டினத்துக்கு நேர் தெற்கே அண்டார்க்டிகா வரையில் தடையற்ற கடல் விரிந்து கிடக்கிறது. ராக்கெட் எந்த வளைவுமின்றி நேரே போகலாம். திரவ எரிபொருள் எந்திரங்கள் பரிசோதிக்கப்படும் மகேந்திரகிரி பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. இஸ்ரோவின் பிரதான ஏவூர்தி நிலையமான விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் திருவனந்தபுரத்தில், அதிக தூரமில்லாமல் இருக்கிறது. மாதவன்குறிச்சி, பள்ளக்குறிச்சி, படுக்கப்பத்து ஆகிய கிராமங்களில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதற்காக எடுக்கப்பட்டது. பனைமரங்களும் முட்செடிகளும் செம்மணல் தேரிகளும் நிறைந்த அந்நிலத்தில், ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பணி நடைபெறுகிறது.

இத்தளம் முக்கியமாக எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு செயற்கைக்கோள் ஏவூர்திக்காகவே அமைகிறது. 34 மீட்டர் உயரமும் 2 மீட்டர் விட்டமும் சுமார் 120 டன் எடையும் உள்ள அந்த ராக்கெட், 500 கிலோ எடையைத் தாழ்ந்த சுற்றுப்பாதையில் சேர்க்க வல்லது. 2022 ஆகஸ்டில் நடந்த அதன் முதல் முயற்சி தோற்றது; 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் நடந்த அடுத்த இரண்டும் வெற்றி பெற்றன. 2025-இல் அதன் தயாரிப்பு உரிமையை 511 கோடி ரூபாய்க்கு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஸ்தாபனம் ஏலத்தில் எடுத்தது. வணிக நோக்கம் இதில் வெளிப்படை: 2020-இல் இன்-ஸ்பேஸ் என்னும் அமைப்பைத் தோற்றுவித்துத் தனியாருக்கு விண்வெளித் துறையின் வாயிலைத் திறந்துவிட்ட மத்திய சர்க்கார், 2023-இல் விண்வெளிக் கொள்கையையும் வெளியிட்டு, இஸ்ரோ ஆராய்ச்சியைக் கவனிக்கட்டும், வியாபாரத்தைத் தொழில் ஸ்தாபனங்கள் கவனிக்கட்டும் என்று வேலையைப் பிரித்துவிட்டது. குலசேகரப்பட்டினத்திலிருந்து வருஷத்துக்கு 20 முதல் 25 ஏவுதல்கள் நடைபெறும் என்பது இஸ்ரோ தரப்பில் கூறப்படும் எதிர்பார்ப்பு.

இந்த இடத்தில்தான் பொருளாதாரம் படித்தவர் சற்று நிதானிக்க வேண்டும். பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி.யை ஒன்று சேர்க்க நூற்றுக்கணக்கானோர் இரண்டு மாதங்களுக்கு மேல் உழைக்க வேண்டியிருக்க, எஸ்.எஸ்.எல்.வி.யை ஆறு பேர் எழுபத்திரண்டு மணி நேரத்தில் சேர்த்துவிடலாம் என்பதுதான் அந்த ராக்கெட்டுக்கு ஆரம்பம் முதலே சொல்லப்பட்டு வந்த பெருமை. விலை மலிவாக இருக்க வேண்டுமானால் கைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது வியாபார நியாயம். அதில் குற்றம் காண இடமில்லை. ஆனால் குறைந்த கைகளைக் கொண்டு இயங்குவதையே தன் சிறப்பாகக் கொண்ட ஒரு தொழில், ஏவுமேடையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நேரடி உத்தியோகத்தை வாரி வழங்கும் என்று எதிர்பார்ப்பது அந்தத் தொழிலின் சுபாவத்துக்கே விரோதமானது. வடிவமைப்பு திருவனந்தபுரத்தில், தயாரிப்புக்குப் பொறுப்பேற்ற ஸ்தாபனத்தின் தலைமையகம் பெங்களூரில், வாடிக்கையாளர் வெளிநாட்டில். கரைக்கு மிஞ்சுவது ஏவும் நாள் ஒன்றுதான் என்றால், அந்த ஒரு நாளைக் கொண்டு ஒரு பிரதேசத்தை அபிவிருத்தி செய்ய முடியாது.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் எழுதிய நூலில், ஒரு தொழில் தனக்கு வேண்டிய பொருள்களை உற்பத்தி செய்யப் பிறரைத் தூண்டுவதையும், தன் விளைபொருளைக் கொண்டு பிறர் புதுத் தொழில் தொடங்க இடமளிப்பதையும் இருவகைத் தொடர்புகளாகப் பிரித்து, இவ்விரண்டும் எங்கே செறிந்திருக்கின்றனவோ அங்கேதான் வளர்ச்சி ஊன்றும் என்று வாதித்தார். உலகின் ஏவுதளங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் பலன் தெளிவாகிறது. தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து 1968 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ஐரோப்பாவின் வணிக ஏவுதல்களுக்கு அதுவே தலைவாயில். இருந்தும் 2017-ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வேலையின்மையும் மருத்துவ வசதிக் குறைவும் தாளாமல் அங்குள்ள ஜனங்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கி, சாலைகளை மறித்து, ஏவுவதற்குக் காத்திருந்த ஏரியான் ராக்கெட்டையே வாரக் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஏவுதலுக்குப் பிறகும் அக்கரையின் குறை தீரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஃபுளோரிடாவின் பிரெவர்டு மாவட்டத்திலோ நிலை வேறு: 2011 ஜூலையில் விண்வெளி ஓடங்கள் ஓய்வுபெற்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து டைட்டஸ்வில் போன்ற ஊர்கள் சோர்ந்தன, பிறகு அவை நிமிர்ந்தது, புதிய நிறுவனங்கள் ஏவுவதோடு நில்லாமல் ராக்கெட்டு தயாரிக்கும் ஆலைகளையும் அங்கேயே கொண்டுவந்து நிறுவிய பின்பே. நியூஸிலாந்தின் மஹியா தீபகற்பத்தில் 2017 முதல் சிறு ராக்கெட்டுகளை ஏவிவரும் ராக்கெட் லேப் நிறுவனம் குலசேகரப்பட்டினத்துக்கு மிக நெருங்கிய உவமானம். அங்கும் ராக்கெட்டு உருவாவது ஆக்லாந்திலும் அமெரிக்காவிலுமே.

வெகுதூரம் போவானேன்? மகேந்திரகிரி நிலையம் ஏறக்குறைய நாற்பது ஆண்டாகவே திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. உலகத் தரத்தில் எந்திரங்களைப் பரிசோதித்து வருகிறது. ஆனாலும் காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் ஆகிய ஊர்களைச் சுற்றி அதன் நிமித்தமாக ஒரு தொழில் வட்டாரம் எழுந்தது என்று சொல்வதற்கில்லை. சுவருக்குள்ளே விஞ்ஞானமும் சுவருக்கு வெளியே பழைய விவசாயமும் ஒன்றையொன்று தீண்டாமல் தத்தம் வழியில் நடந்திருக்கின்றன.

இனித் திருப்பூருக்கு வருவோம். இங்கே பனியன் உற்பத்தி 1920-களில் தொடங்கியது. 1978-இல் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் பம்பாய் ஏற்றுமதியாளர் வழியாக வந்து வெள்ளை டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்ததை ஏற்றுமதியின் ஆரம்பமாகச் சொல்வார்கள். 2024-25 நிதியாண்டில் அந்த ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. இதைச் சாதித்தது ஏதோ ஒரு பெரிய ஆலை அன்று. ஒரு சாதாரண டி-ஷர்ட்டைப் பின்தொடர்ந்து சென்றால் விஷயம் விளங்கும். ஸ்பின்னிங் மில்லிலிருந்து வந்த நூல் ஒருவருடைய நிட்டிங் யூனிட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் துணியாகிறது. இன்னொருவருடைய சாயப்பட்டறையில் நிறமேறுகிறது. வேறொருவரிடம் காம்பாக்டிங் ஆகிறது. கட்டிங் மாஸ்டரின் மேசையில் அளவாக அறுபடுகிறது. பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ வேறொரு தெருவுக்குப் போய்த் திரும்புகிறது. பவர் டேபிளில் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் அடித்து, கைமடிப் பெண்கள் அடுக்கிக் கொடுக்க, செக்கிங்கும் அயர்னும் முடிந்து பெட்டிக்குள் அடங்குகிறது. லேபிள், ஜிப், பொத்தான், பாலி பை, அட்டைப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முதலாளி. அவர்களில் கணிசமானோர் நேற்றுவரை பிறர் டேபிளில் அமர்ந்து தைத்தவர்கள். ஜாப் ஒர்க் என்று இங்கே எல்லோரும் சொல்லும் இந்த ஏற்பாடுதான், ஓர் ஆர்டரின் பணத்தை நகரத்தின் நூறு வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. கூலிக்காரர் முதலாளியாகும் இந்த ஏணியைக் குறித்து ஷரத் சாரி என்னும் அறிஞர் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார்.

அந்த ஏணியில் கடன் சுமையும், நீண்ட ஷிப்ட்டுகளும், பெண்களுக்குக் குறைந்த கூலியும் இருந்தன, இருக்கின்றன என்பதை மறைத்துத் திருப்பூரைப் புகழ்வது நேர்மையாகாது. எனினும் ஏவுதளத்தோடு ஒப்பிடும்போது அதற்கு ஒரு பலம் தனித்துத் தெரிகிறது. 2025 ஆகஸ்டு 27-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது 50 சதவீத வரியை அமலாக்கிற்று. தற்செயலாக அதே நாளில்தான் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோ தலைவர் ஏவுமேடைப் பணிக்குப் பூமி பூஜை நடத்தினார். வரியால் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, மெஷின்கள் ஓய்ந்தன, துன்பம் பெரிது. ஆனால் அதே மெஷினில் ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் வேறு சரக்குத் தைக்க முடியும். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி தேட இடமுண்டு. ஏவுமேடைக்கு அந்த வசதி இல்லை. சிறு செயற்கைக்கோள்களைப் பெரிய ராக்கெட்டிலேயே பலவாக ஏற்றி மலிவாகக் கொண்டுபோகும் ஸ்பேஸ்எக்ஸ் போன்றோரின் போட்டியால் வாடிக்கையாளர் குறைந்தால், அம்மேடையை வேறெந்தக் காரியத்துக்கும் உபயோகிக்க இயலாது. ஆகவே மேடையை மட்டும் நம்பிய வளம் ஒற்றைக்காலில் நிற்கும் வளம்.

அப்படியானால் ராக்கெட்டுத் தொழிலிலும் ஜாப் ஒர்க் சாத்தியமா? சாத்தியம் என்பதே என் துணிபு. ஆனால் அது தானாக நிகழாது. தமிழ்நாட்டு அமைச்சரவை 2025 ஏப்ரலில் அங்கீகரித்த விண்வெளித் தொழிற்கொள்கை, ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டையும் சுமார் 10,000 பேருக்கு வேலையையும் இலக்காக வைத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர், மதுரை மாவட்டங்களில் விண்வெளித் தொழிலுக்கென்று இடங்களைக் குறித்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சுமுறையில் செய்த எந்திரத்தோடு 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த மேடையிலிருந்து ராக்கெட்டை ஏவிக் காட்டியது. ஆகத் தமிழ்நாட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை. குறைவெல்லாம் இடைநிலையில்தான். ஒரு வால்வையோ, தாங்கியையோ, கம்பிக்கற்றையையோ செய்து கொடுக்கக்கூடிய லேத் பட்டறைக்காரர் கோயம்புத்தூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலும் உண்டாகலாம். அவருக்கு முன்னே நிற்கும் தடை, செய்த பொருளைப் பரிசோதித்துச் சான்று பெறும் செலவு. பத்து உருப்படிக்காக லட்சக்கணக்கில் சோதனைக் கருவி வாங்க எந்தச் சிறு பட்டறையாலும் முடியாது. சாயக்கழிவைத் தனித்தனியே சுத்திகரிக்க இயலாத திருப்பூர்ப் பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கூட்டாக அமைத்துக்கொண்டது போல, அதிர்வுச் சோதனை, வெப்பச் சோதனை, அளவீட்டுச் சான்று ஆகியவற்றுக்கு ஒரு பொதுக்கூடம் தூத்துக்குடிப் பக்கத்தில் அமைந்து, எந்தப் பட்டறைக்காரரும் கட்டணம் செலுத்தி அதை உபயோகிக்கலாம் என்ற நிலை வர வேண்டும். தொழிற்பூங்காவின் மனைகளும் ஐம்பது ஏக்கர், நூறு ஏக்கர் என்று பெருநிறுவனங்களுக்கே பங்கிடப்படாமல், கால் ஏக்கர், அரை ஏக்கர்ச் சிறு மனைகளாகவும் கிடைக்க வேண்டும். இது சலுகை கேட்பதன்று. ஹிர்ஷ்மன் சொன்ன முதல்வகைத் தொடர்பு உள்ளூரில் உண்டாவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

சுற்றுலாவைப் பற்றி நிலவும் எண்ணம் இன்னும் தெளிவற்றது. குலசேகரப்பட்டினம் யாரும் அறியாத கரையன்று. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். மாலை அணிந்து வாரக்கணக்கில் விரதமிருந்து, காப்புக் கட்டிய பின் காளியாக, குரங்காக, குறவனாக, ராஜாவாக, போலீஸ்காரனாக வேடம் புனைந்து, வீடு வீடாகவும் கடை கடையாகவும் காணிக்கை பெற்று, தசராக் குழுக்களாகத் திரண்டு வந்து, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் கண்டு, காணிக்கையை அம்மனிடம் சேர்க்கிறார்கள். இந்த ஒரு திருவிழாவைச் சுற்றி எத்தனை ஜீவனங்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள்: கிரீடமும் சடைமுடியும் அட்டைக் கைகளும் செய்பவர், வேட உடை தைப்பவரும் வாடகைக்கு விடுபவரும், சாயப்பொடி விற்பவர், மேளக்காரர், கரகாட்டக் கலைஞர், வேன் ஓட்டுநர், பந்தல்காரர், இட்லிக் கடைக்காரர். சிவப்புத் துணிக்கு அப்போது ஏற்படும் கிராக்கி ஜவுளிக்காரர் அறிந்தது. பக்கத்தில் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி, மணப்பாட்டில் கடலை நோக்கிய மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயமும் புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும், வடக்கே திருச்செந்தூர் முருகன் கோயில், தெற்கே கன்னியாகுமரி. யாத்திரையால் வாழத் தெரிந்த கரை இது.

இதனோடு ஏவுதல் காண வருபவரை ஒப்பிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் 2019-இல் பொதுமக்களுக்காகப் பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். ராக்கெட் கண்ணுக்குத் தெரிவது சில நிமிஷம். கைதட்டி முடித்ததும் பெரும்பாலோர் சென்னைக்கே திரும்பிவிடுகிறார்கள். வானிலையோ ஒரு சிறு கருவிக் கோளாறோ போதும், ஏவுதல் தள்ளிப்போகும். அறையெடுத்துத் தங்கியவர் ஏமாந்து திரும்புவார். அந்த ஏமாற்றத்தை நம்பி எந்த லாட்ஜ்காரரும் முதல் போட மாட்டார். தவிரவும், ஏவுகிற நேரத்தில் பாதுகாப்பு எல்லைக்குள் ஆள் நடமாட்டம் கூடாது என்பதால், வருஷத்துக்கு இருபது முறை ஏவினால் இருபது முறை கரையின் ஒரு பகுதி அடைபடும். தசராக் காலத்திலும் திருச்செந்தூர்க் கந்த சஷ்டியிலும் அது நேர்ந்தால் இருக்கிற யாத்திரை வருமானத்துக்கே இடையூறு. எனவே சுற்றுலாவின் அஸ்திவாரம் ஏவும் நாளில் இருக்கக் கூடாது. மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் திறந்திருக்கும் ஒரு பெரிய காட்சிசாலையில் இருக்க வேண்டும். 1963 நவம்பர் 21-இல் தும்பாவின் மாதா கோயிலடியிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் தொடங்கி இன்றுவரையிலான வரலாற்றைத் தமிழில் சொல்லும் அக்காட்சிசாலை, திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே போகிற யாத்ரீகரின் வண்டியை அரைநாள் நிறுத்தினால் போதும். பள்ளிப் பிள்ளைகள் வருஷம் முழுவதும் வருவார்கள். ஃபுளோரிடாவிலும் ஏவுதல் இல்லாத நாள்களில் ஜனங்களை வரவழைப்பது நிரந்தரக் காட்சிசாலையே. 2025 ஜூலையில் தூத்துக்குடி விமான நிலையம் நீண்ட ஓடுபாதையும் புதிய முனையமும் பெற்றிருப்பதால், தொலைவிலிருந்து வருவோருக்கும் இப்போது வழி சுலபமாயிருக்கிறது.

மிச்சமிருப்பது மிகக் கனமான விஷயம். மணப்பாடு, பெரியதாழை, ஆலந்தலை, அமலிநகர் முதலான ஊர்களின் மீனவர்கள் நாட்டுப்படகிலும் பைபர் வள்ளத்திலும் கரையோரக் கடலிலேயே தொழில் செய்கிறவர்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்நாள்களில்தான் நாட்டுப்படகுக்காரருக்குச் சற்று நல்ல விலை கிடைக்கும். ஏவுதலுக்காகக் கடல் மூடப்படும் நாள் அவருக்கு மீன்பாடு இல்லாத நாள்; ஏவுதல் தள்ளிப்போனால் மறுநாளும் அப்படியே. ராக்கெட் எழும் நாளுக்குக் கூலியும் காப்பீடும் ஏவுகிறவரின் செலவுக் கணக்கில் உண்டு. கரையில் இழுத்துப் போட்ட வள்ளத்தின் நாள் மட்டும் எவர் கணக்கிலும் வராமல் போகலாகாது. திட எரிபொருள் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் அலுமினிய ஆக்ஸைடுத் துகளும் வெளிப்படுகின்றன. சிறு ராக்கெட்டு என்பதால் அளவு குறைவாயிருக்கலாம், ஆயினும் வருஷத்துக்கு இருபது முறை அதே கரையில், அதே மணலில் அது படியும்.

இதைத் திருப்பூரிலிருந்து சொல்வதற்கு ஒரு நியாயம் உண்டு. சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் தண்ணீர் தேக்கிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீரின் தொட்டியாயிற்று. கீழே உள்ள விவசாயிகளின் கிணறும் தோட்டமும் பாழாயின. ஏற்றுமதிக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் டாலர் பதிவாயிற்று. நொய்யலின் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் பதிவாகவில்லை. விவசாயிகள் வழக்காடினார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, நஷ்டம் பட்டறைகளின் பக்கமும் வந்து சேர்ந்தது. தண்ணீர் கெடுவதற்கு முன்னே அதன் குணத்தை அளந்து எழுதி வைத்திருந்தால் நஷ்டஈடும் எளிதாகியிருக்கும், பட்டறைகளும் முன்பே திருந்தியிருக்கும்.

குலசேகரப்பட்டினத்துக்கு அந்த அவகாசம் இன்னும் இருக்கிறது. முதல் வணிக ஏவுதலுக்கு முன்பே மணப்பாடு முதல் பெரியதாழை வரையிலான கரையில் நிலத்தடி நீர், மணல், மீன்வரத்து ஆகியவற்றை இஸ்ரோவைச் சாராத ஒரு பல்கலைக்கழகம் அளந்து, ஊர்ச் சபைகளில் தமிழில் வாசித்துக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். கடல் மூடும் நாளுக்குப் படகு ஒன்றுக்கு இவ்வளவு என்ற தொகை, தள்ளிப்போகும் நாளுக்கும் சேர்த்து, ஏவுதல் கட்டணத்திலேயே அடங்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் செயற்கைக்கோளை ஏவக் கொடுக்கும் விலையில் அது ஒரு சிறு பின்னமே. மூடும் நேரம் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக மீனவர் சங்கங்களுக்கும் பங்குத் தந்தையருக்கும் அறிவிக்கப்பட வேண்டும். தசராவின் பத்து நாள்களும் கந்த சஷ்டியின் ஆறு நாள்களும் ஏவுதல் அட்டவணையிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட வேண்டும். தொழிற்பூங்காவில் யாருக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கப்பட்டது, அவர்கள் வாங்கும் உதிரிகளில் எத்தனை பங்கு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டப் பட்டறைகளிலிருந்து வந்தது என்பதையும் மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஏவுதல்களின் எண்ணிக்கையைவிட அந்தப் பங்கே அக்கரையின் அபிவிருத்தியை அளக்கத் தகுந்த அளவு.